ஏற்றத்தில் கேட்ட கேள்விகள்

நான் பி.டி. டீச்சர். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினேழு வருஷமாக விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். குரல் பெரிது, பொறுமை சின்னது. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்கிறேன். கேள்வி கேட்டால் எனக்கு உடனே பதில் வந்தாக வேண்டும். ஓடி வந்து நிற்கும் பிள்ளையிடம் "ஏன் லேட்டு?" என்பேன். அது மூச்சிரைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க மாட்டேன். "கேட்டது காதுல விழலையா?" என்று அடுத்ததையும் கேட்டுவிடுவேன்.

இந்தக் குணத்தோடுதான் என் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அப்பா மேல்மலையில் பூண்டு விவசாயி. எங்கள் ஊரில் தோட்டங்களெல்லாம் பள்ளத்தில் இருக்கும், ரோடு மேலே இருக்கும். பிடுங்கிய பூண்டை மூட்டை கட்டி ஒற்றையடிப் பாதையில் சுமந்து வந்தால்தான் ஜீப்பில் ஏற்ற முடியும். நாற்பது வருஷம் அப்பா சுமந்தார். மலைக்காரனுக்கு மூச்சு வாங்காது என்று எங்கள் ஊரில் ஒரு பெருமை உண்டு. கீழ்நாட்டிலிருந்து வரும் கல்யாணக் கூட்டம் எங்கள் ஏற்றத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிடும். நாங்கள் ஓரமாக நின்று சிரிப்போம். அந்தப் பெருமையைக் காப்பாற்றுவதற்காகவே அப்பா தன் மூச்சிரைப்பைப் பல வருஷம் மறைத்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. பீடி ஒரு பக்கம், பூண்டுக்குப் புகை போடும் கொட்டகை இன்னொரு பக்கம். நெஞ்சு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அம்மா போய் மூன்று வருஷம். தனியாகவே இருந்துகொள்கிறேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் தோட்டத்திலிருந்து வரும் வழியில் உட்கார்ந்தவர் எழவில்லை. ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு பதினோரு நாள் கிடந்தார். அந்தப் பதினோரு நாளில்தான் நான் அதைச் செய்தேன். பூண்டு ஊன்றும் பருவம் தப்பிக்கொண்டிருந்தது. நிலத்தைச் சும்மா போட்டால் களை ஏறிவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் குத்தகைக்குக் கேட்டார். அப்பாவிடம் கேட்கிற நிலைமையா இது என்று நானே முடிவெடுத்து, சரி என்று சொல்லிவிட்டேன். ஊர் வீட்டைப் பூட்டினேன். அவருடைய வேட்டிகளையும் கம்பளியையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வண்டியில் வைத்துச் சொன்னேன். "தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டேம்ப்பா. இனிமே நம்ம வீட்லதான் நீங்க."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அப்பாவுக்கு என்மேல் கோபமா, இல்லையா? டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த மழைக்காலத்தப் பத்தி இப்பப் பேச வேணாம்மா" என்று சொல்லியிருந்தார். அதனால் அந்தப் பதில் எனக்கு வெரசாகத் தேவைப்பட்டது. மனசில் கசப்பை வைத்துக்கொண்டு அவர் போய்விட்டால் மிச்ச ஆயுசுக்கும் நான் என்ன செய்வேன்?

அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "உள்ள போன காத்து முழுசா வெளிய வர மாட்டேங்குது. நெஞ்சு ஏற்கெனவே ரொம்பித்தான் கெடக்கு. அதுக்கு மேலதான் அடுத்த மூச்ச இழுக்குறாரு. மூச்சு இழுக்குற தசையெல்லாம் சோர்ந்து போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா நடக்க வைங்க." இதில் என் காதில் விழுந்தது நடக்க வைங்க என்பது மட்டும்தான். பி.டி. டீச்சர் காது அப்படி.

எங்கள் வீடு நாயுடுபுரத்தில், ரோட்டிலிருந்து நாற்பத்திரண்டு படி ஏற வேண்டும். கீழே ரோட்டை ஒட்டி என் வீட்டுக்காரருடைய டூவீலர் ஒர்க்ஷாப். காலையில் வெள்ளனே அப்பாவைக் கையைப் பிடித்துக் கீழே இறக்குவேன். ஒர்க்ஷாப்பில் ஒரு டீ. பிறகு மேலே ஏற வேண்டும். சாயங்காலம் மறுபடி ஒரு தடவை. இதற்கு நான் ஸ்டாப் வாட்ச் பிடித்தேன் என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் பிடித்தேன். "நேத்தைக்கு இன்னைக்கு அரை நிமிஷம் கொறைஞ்சிருக்குப்பா" என்று மேல்படியில் நின்று கத்துவேன். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்.

மேலே வந்ததும் அப்பா கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். இரண்டு உள்ளங்கையையும் முட்டியில் ஊன்றி, தோள்பட்டை காதைத் தொடும்படி குனிந்துகொள்வார். கழுத்து நரம்பு புடைத்துப் புடைத்து அடங்கும். நான் பக்கத்தில் நின்று ஆரம்பிப்பேன்.

"எப்பிடிப்பா இருக்கு? நெஞ்சு வலிக்குதா? தண்ணி வேணுமா? கஞ்சி வைக்கட்டா, தோச ஊத்தட்டா?"

பதில் வராது.

"நிமிந்து உக்காருங்கப்பா. இப்பிடிக் கூன் போட்டா மூச்சு எப்பிடி வரும்?" என்று தோள் இரண்டையும் பிடித்துப் பின்னால் இழுப்பேன். கையை எடுத்ததும் அவர் மறுபடி குனிவார். எனக்கு எரிச்சல் வரும். கடைசியில் உள்ளே கிடக்கும் கேள்வி தானாக வெளியே வந்துவிடும்.

"எம்மேல கோவமாப்பா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஈயை ஓட்டுகிற மாதிரி ஒரு கையைத் தூக்கி அசைப்பார். போ என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

சாப்பாட்டிலும் அதே கதை. நாலு வாய் சாப்பிடுவார், தட்டைத் தள்ளிவிடுவார். அம்மா வைத்த ரசம் மாதிரி இல்லையோ, மகள் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லையோ என்று எனக்குள் என்னென்னவோ ஓடும். "ரசம் நல்லா இல்லையா?" என்பேன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் எத்தனையோ அர்த்தம் செய்துகொண்டேன். சரியான அர்த்தம் மட்டும் அதில் இல்லை.

என் வீட்டுக்காரர் சாது. வண்டி இன்ஜினைத் தவிர வேறெதையும் பிரித்துப் பார்க்க ஆசைப்படாத மனுஷன். "மாமாவ விடு. அவரு குணம் தெரிஞ்சதுதான" என்றார். தை மாதத்தில் ஒரு நாள் எனக்குப் பொறுக்காமல் போய், நானும் பேசுவதில்லை என்று ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சோற்றை வைப்பேன், போய்விடுவேன். அந்த வாரம் அப்பா நன்றாகச் சாப்பிட்டார். தட்டு காலியாக வந்தது. முகத்திலும் ஒரு தெளிச்சி. நான் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் இவருக்கு நிம்மதி போலிருக்கிறது என்று அடுக்களையில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

அந்தக் கோபத்தில்தான் மலை ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தேன்.

வருஷா வருஷம் இங்கே ஒரு ஓட்டம் நடக்கும். பேத்துப்பாறையில் தொடங்கி மேலே மெயின் ரோடு வரைக்கும். முழுக்க ஏற்றம்தான், சமதளம் என்று சொல்ல நூறடி கூடத் தேறாது. வெளியூரிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். நாற்பது வயது தாண்டிய பெண்கள் பிரிவில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். எனக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரம்மா ஒருத்தர், கையில் பெரிய கடிகாரம், இடுப்பில் தண்ணீர் பாட்டில் சொருகிய பெல்ட்டு. "ரொம்ப செங்குத்தா இருக்குமாங்க? பயமா இருக்கு" என்றார். "எங்களுக்கெல்லாம் பழக்கந்தாங்க. மலைக்காரங்களுக்கு மூச்சு வாங்காது" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் அதை முழுசாக நம்பினேன்.

கொடியை அசைத்ததும் பாய்ந்துவிட்டேன். பிள்ளைகளிடம் நான் செய்யாதே என்று தலைபாடாக அடித்துக்கொள்ளும் தப்பு அது. காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ரோட்டோரம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். "டீச்சர் போறாங்கடி" என்று ஒரு குரல் கேட்டது. அது இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டது. முதல் மூன்று வளைவு வரை நான்தான் முன்னால்.

நாலாவது வளைவில் ஒன்று தெரிந்தது. அதுவரை மூச்சு தானாகப் போய் வந்துகொண்டிருந்தது. இப்போது அதை நான் செய்ய வேண்டியிருந்தது, தண்ணீர் இறைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக. பத்தாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் படம் போட்டே நடத்துவேன்: நுரையீரல் வெறும் பைதான், அதை இழுத்து விரிக்கிறது தசைதான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம், விலாவுக்கு விலா சின்னச் சின்னத் தசை. தொடைத் தசை களைக்கிற மாதிரி அதுவும் களைக்கும். ஒரே ஒரு வித்தியாசம், கால் களைத்தால் உட்காரலாம். மூச்சுத் தசைக்கு லீவு கிடையாது. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆறாவது வளைவில் விலாவைச் சுற்றி ஈரக் கயிறு இறுக்கின மாதிரி ஆகிவிட்டது. மூச்சை ஆழமாக இழுக்கப் பார்த்தேன், பாதியிலேயே நின்றது. குட்டி குட்டியாகத்தான் வந்தது. கழுத்தும் தோளும் உதவிக்கு வந்து இழுத்தன. அதற்குள் கால் இரண்டும் கனத்துப்போயின. வலி இல்லை, கனம். மூச்சுத் தசை திணறும்போது உடம்பு காலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து அதற்குத் திருப்பிவிடும் என்று பி.பி.எட். படிக்கும்போது எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன். கோயம்புத்தூர்க்காரம்மா ஒரே சீராக, வாயைக் குவித்து ஊதிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, புண்ணியவதி.

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலேயே பைக்கில் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது அவருக்கு.

"என்னாச்சு? கால் சுளுக்கிருச்சா? நெஞ்சு வலிக்குதா? தண்ணி குடிக்கிறியா? வண்டியில ஏறிக்கிறியா? ஏய், என்னன்னு சொல்லு."

எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இல்லை, இல்லை, வேண்டாம், வேண்டாம். ஆனால் ஒரு 'இல்லை' சொல்ல ஒரு மூச்சைச் செலவழிக்க வேண்டும். அந்த மூச்சு என்னிடம் இல்லை. இருக்கிற துளி மூச்சும் அடுத்ததை இழுக்கத்தான் காணும். அவர் கேட்கக் கேட்க என் தலையில் மூட்டைக்கு மேல் மூட்டையாக ஏற்றுகிற மாதிரி இருந்தது. அவர் வாய் அசைவதைப் பார்க்கக்கூட முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று சொல்ல நினைத்தேன். முடியாமல் கையைத் தூக்கி அசைத்தேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார். "சரி சரி, கோச்சுக்காத. அப்பிடியே மாமா மாதிரி. ஒண்ணு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறது, கையத் தூக்கி வெரட்டுறது. ரத்தம் எங்க போகும்?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். என் இரண்டு உள்ளங்கையும் முட்டியில் ஊன்றியிருந்தன. முழங்கை விறைத்திருந்தது, தோள் காதுக்கு வந்திருந்தது. இப்படி உட்கார எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கையை ஊன்றினால்தான் தோளும் நெஞ்சும் மூச்சிழுக்க உதவிக்கு வரும் என்று உடம்பே கண்டுபிடித்து உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் ஒருத்தர் வந்து நிமிர்ந்து உட்கார் என்று என் தோளைப் பிடித்து இழுத்திருந்தால் அவர் கையைக் கடித்திருப்பேன்.

எனக்கு ஐந்து நிமிஷத்தில் மூச்சு திரும்பி வந்தது. ஓட்டத்தை நிறுத்தினால் எனக்கு வந்துவிடும். எதை நிறுத்தினால் அப்பாவுக்கு வரும்?

"காலையில எந்திரிச்சதுல இருந்து அவருக்கு இதுதாங்க" என்றேன். அதுதான் நான் முதலில் பேசியது.

"யாருக்கு?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

கட்டையில் உட்கார்ந்து அழுதேன். ஓட்டத்தில் தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்து, "அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மிச்ச தூரத்தை நடந்தே முடித்தேன். கடைசிக்கு முந்தின ஆள் நான். கோயம்புத்தூர்க்காரம்மா கைதட்டி வரவேற்றார்.

அன்று ராத்திரி தும்மினால் விலா வலித்தது. சிரித்தால் வலித்தது. மறுநாளும் அப்படித்தான். ஒரே ஒரு மணி நேர ஓட்டத்துக்கு என் மூச்சுத் தசை இரண்டு நாள் முனகியது. அந்த இரண்டு நாளும் எங்கள் ஊர் ஏற்றம் என் நினைவிலேயே இருந்தது.

தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வரும் அந்தப் பாதையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சுமையோடு ஏறி வருகிறவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இறங்குகிறவர்தான் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி வழி விட வேண்டும். எப்படி இருக்கீங்க என்றுகூடக் கேட்க மாட்டார்கள். பாதி வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல். பிறர் கை உதவி இல்லாமல் தலைமூட்டையை அப்படியே அதன்மேல் சரிக்கலாம். எந்தப் பேச்சும் அங்கேதான். எங்கள் ஊரில் சம்பந்தம் பேசினதும் சண்டை தீர்த்ததும் பாதிக்கு மேல் அந்தக் கல்லடியில்தான் நடந்திருக்கும்.

எனக்கு ஆறு வயசு இருக்கும்போது, மூட்டையோடு ஏறி வந்த அப்பாவுக்கு முன்னால் குதித்துக்கொண்டே, "அப்பா, திருவிழாவுக்கு வளையல் வாங்கித் தருவீங்களா? செகப்பா பச்சையா?" என்று கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "ஏத்தத்துல ஏறுற மனுசங்கிட்ட என்னடி கேள்வி? கல்லுக்கு வரட்டும்." அப்பா எதுவும் சொல்லாமல் ஏறினார். கல்லுக்கு வந்து மூட்டையைச் சரித்து, துண்டால் கழுத்தைத் துடைத்து, வெகுநேரம் சும்மா நின்றார். நான் கேட்டதையே மறந்துபோனேன். அப்புறம் சொன்னார்: "செகப்பு."

கீழே கேட்ட கேள்விக்குக் கல்லில் பதில் வரும். அப்பா எதையும் மறக்க மாட்டார். இதெல்லாம் தெரிந்து வளர்ந்தவள் நான். அந்த மனிதர் மழைக்காலத்திலிருந்து இறக்கி வைக்க முடியாத மூட்டையோடு ஏறிக்கொண்டே இருக்கிறார். நான் பின்னாலேயே போய் வலிக்குதா, கஞ்சியா, தோசையா, கோபமா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். போதாததற்கு ஸ்டாப் வாட்ச் வேறு.

ஸ்டாப் வாட்சைப் பள்ளிக்கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். டாக்டரிடம் போய் நான் படி ஏற்றிய கதையைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நடக்கச் சொன்னேம்மா, மல ஏறச் சொல்லல. சமதளத்துல கொஞ்சமா நடக்கட்டும், நெறைய உக்காரட்டும். சும்மாவே படுத்துக் கெடந்தாலும் அந்தத் தசையெல்லாம் இன்னும் போயிரும். வாயக் குவிச்சு மெதுவா ஊதி வெளிய விடச் சொல்லுங்க" என்றார்.

அப்பா உட்காரும் நாற்காலிக்கு முன்னால் ஒரு சின்ன மேசையைப் போட்டுத் தலையணையை வைத்தேன். அவர் தலையணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இரண்டு முழங்கையையும் அதில் ஊன்றிக் குனிந்துகொண்டார். சோற்றைக் குழைவாக்கி, ஒரு தட்டை மூன்று வேளையாகப் பிரித்தேன். வீட்டுக்குப் பின்னால் வரிசை வீடுகளை ஒட்டி ஒரு சந்து போகிறது. நாயுடுபுரத்தில் அது ஒன்றுதான் சமதளம். தினமும் காலையில் அப்பா அதில் நடப்பார். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். இருபதடிக்கு ஒரு தரம் போடுவேன். அவர் உட்காருவார். நான் நிற்பேன்.

முக்கியமாக, வாயைத் திறக்கவில்லை. இதுதான் பெரிய சோலியாக இருந்தது. நாக்கு நுனிவரை வருவதைத் திருப்பி விழுங்க வேண்டும். "டீச்சரம்மாவுக்குத் தொண்ட கட்டிருச்சா?" என்றார் என் வீட்டுக்காரர். முறைத்தேன், அவ்வளவுதான்.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, சந்தின் பாதியில் நாற்காலியில் உட்கார்ந்து வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்த அப்பா திடீரென்று சொன்னார்.

"தோச."

"என்னப்பா?"

இரண்டு மூச்சு விட்டார். "கேட்டியில்ல." இன்னொன்று. "கஞ்சியா... தோசையான்னு."

கேட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கும். நான் சிரித்தேன். விலா வலிக்கவில்லை. அன்றைக்கு அவருக்குத் தோசை ஊற்றிக்கொடுத்தேன், இரண்டு.

அதற்குப் பிறகு தினமும் நாற்காலியில் ஒவ்வொன்றாக வந்தது. ரசம் நல்லாத்தான் இருக்கு; மெல்லவும் மூச்சு விடவும் சேர்ந்தாப்புல முடியல. நெஞ்சு வலிக்கல, அடைக்குது. நான் எப்போதோ கேட்டு மறந்ததற்கெல்லாம் பதில். நான் பயந்துகொண்டே காத்திருந்தேன். அந்தக் கேள்வியும் அவரிடம்தான் இருக்கிறது, அதுவும் வரும் என்று எனக்குத் தெரியும்.

பங்குனியில் ஒரு காலை வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் முந்தின நாள்தான் வந்து, எங்கள் நிலத்தில் விளைந்த பூண்டில் ஒரு மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சந்து முனையில் நாற்காலி போட்டேன். அப்பா உட்கார்ந்தார். மேகம் இறங்கி எதிர்ச்சரிவு மறைந்திருந்தது. கீழே ஒர்க்ஷாப்பில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

"கோவந்தான்" என்றார்.

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

ஊதினார். இழுத்தார். மறுபடி ஊதினார். "குத்தகைக்கு விட்டதுக்கில்ல ஆத்தா." அடுத்ததற்கு இன்னும் நேரமானது. "என்னால முடியாதுன்னு... எனக்கும் தெரியும். கேட்டிருந்தா... நானே விடுன்னு சொல்லிருப்பேன்."

மேகம் சந்துக்குள் வந்து போனது. அவர் முட்டியில் கையை ஊன்றி, அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"ஆயிரங் கேள்வி கேட்ட" என்றார். "அத மட்டும் கேக்கல."

தப்புதாம்ப்பா என்றேன். அவர் கையைத் தூக்கி, ஈயை ஓட்டுகிற மாதிரி அசைத்தார். அந்தக் கைக்கு இப்போது எனக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு மூச்சு அடங்கும் வரைக்கும் நின்றேன். நன்றாக அடங்கிய பிறகு, அவர் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து, மழைக்காலத்திலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன்.

"அடுத்த போகத்துக்கு என்னப்பா செய்யட்டும்? அவருக்கே விடட்டுமா?"

அப்பா எழுந்தார். வீட்டைப் பார்த்து நடந்தார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். இருபதடியில் உட்கார்ந்தார், எழுந்தார். மறுபடி இருபதடி. வாசலுக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, தலையணையில் முழங்கையை ஊன்றிய பிறகுதான் சொன்னார்.

"அவனுக்கே விடு. வெதப் பூண்டு மட்டும்... நாந்தான் பொறுக்குவேன்."

மூட்டையை அவிழ்த்து மேசைமேல் ஒரு குவியல் கொட்டினேன். அவர் ஒவ்வொரு பூண்டாக எடுத்து, விரலால் அமுக்கிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கம் வைக்க ஆரம்பித்தார். நானும் எதிரே உட்கார்ந்து பொறுக்கினேன். நான் நல்லதென்று வைத்ததில் பாதியை அவர் எடுத்துக் கழிவுப் பக்கம் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.